முன்குறித்தலா, சுயசித்தமா? காரைக்குடியிலிருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

காரைக்குடியில் கிறிஸ்தவர்கள் சிறு கூட்டம்தான். அதனால் முன்குறித்தல் பற்றிய கேள்வி எங்களுக்குச் சபைக்குள்ளிருந்து வருவதைவிடப் பக்கத்து வீட்டிலிருந்துதான் அதிகம் வருகிறது. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். பிள்ளையார் நோன்புக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போகும். அவர் கேட்டது இது: "யாரு மோட்சத்துக்குப் போவா, யாரு போகமாட்டான்னு உலகத்தைப் படைக்கிறதுக்கு முன்னாடியே உங்க சாமி முடிவு பண்ணிட்டாராமே தம்பி? அப்ப அதுவும் தலையெழுத்துதானே?"

ஆமாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்கவும் முடியாது. கிறிஸ்தவர்களே இதில் ஏறக்குறைய 1600 ஆண்டுகளாக ஒத்துப்போனதில்லை. ஆனாலும் தலையெழுத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். நம் ஊரில் விதி என்றால் செய்த வினையின் பலன். முன் செய்தது இப்போது வந்து சேர்கிறது, கணக்கு நேராகிவிடுகிறது. வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் சொல்வது வேறு. ரோமர் 9ஆம் அதிகாரத்தில் இரட்டையரான யாக்கோபையும் ஏசாவையும் பற்றிப் பேசும்போது, "பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்" தேவன் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்தார், என்கிறார். வினையே கணக்கில் வரவில்லை. தெரிந்துகொள்ளும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த நம்பிக்கையின் ஆறுதல், சிக்கல் இரண்டுமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சண்டை எதைப் பற்றி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதன் சொந்த முயற்சியில் நல்லவனாகிவிடலாம் என்ற துறவி பெலாஜியுவின் போதனையை ஆயர் அகுஸ்தீன் எதிர்த்தார். 418இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கமும் 431இல் எபேசு பொதுச்சங்கமும் அந்தப் போதனையைத் தள்ளிவிட்டன. 529இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கம்கூட அருளால்தான் என்றது. அதே மூச்சில், தீமைக்கென்று கடவுள் சிலரை முன்குறித்தார் என்று சொல்பவர்களையும் கண்டித்தது. ஆக, அருள் முந்தியா, முயற்சி முந்தியா என்பதில் தகராறே கிடையாது. அருள்தான் முந்தி. இதை ஆச்சியிடம் சொன்னபோது விளக்கம் தேவைப்படவில்லை. "அவன் அருளாலே அவன்தாள் வணங்கி" என்று அவரே முடித்துவிட்டார். மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: வருகிற அந்த அருளை மனிதன் வேண்டாம் என்று தள்ள முடியுமா?

கால்வின் பக்கம்

முடியாது என்பது சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின் (1509–1564) வழி வந்தவர்களின் பதில். "பாவங்களினாலே மரித்தவர்கள்" என்று எபேசியர் நிருபம் சொல்வதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். செத்தவனுக்குச் சம்மதிக்கவும் தெரியாது, மறுக்கவும் தெரியாது. முதலில் தேவன் உயிர் கொடுக்கிறார், அப்புறம்தான் விசுவாசம் பிறக்கிறது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் இதற்கு அருகில்தான் நின்றார். மனித சித்தத்துக்குக் கொஞ்சமாவது சுதந்திரம் உண்டு என்று அறிஞர் எராஸ்மஸ் 1524இல் எழுதியதற்கு, அது அடிமைப்பட்ட சித்தம் என்று 1525இல் காரசாரமாகப் பதில் எழுதினார். இந்தப் போதனை ஐந்து தலைப்பாக உருவானது ஹாலந்தின் டார்ட் நகரில், 1618–1619இல் கூடிய சங்கத்தில். மனிதனின் முழுச் சீர்கேடு, நிபந்தனையில்லாத தெரிவு, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கான மீட்பு, தடுக்க முடியாத கிருபை, கடைசிவரை நிலைநிற்றல் என்று இன்று இளைஞர்கள் கைப்பேசியில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் ஒப்பிக்கும் ஐந்தும் இவைதான்.

எல்லாம் முடிவானது என்று நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு என்பதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் கால்வின் வழியில் வந்த காங்கிரிகேஷனல் சபையினர். எங்கள் வட்டாரத்தின் சீர்திருத்தச் சபைகளுக்கு அவர்கள்தான் வேர். பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும் அவர்கள் உழைப்பு. கொரிந்து பட்டணத்தில் பவுல் பயந்து நின்றபோது, "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" என்று கர்த்தர் சொன்னார். தேவனுடையவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள், போய்க் கூப்பிட்டால் போதும் என்ற நிச்சயம் ஒருவனைக் கப்பலேற்றும். கேட்கிறவன் திரும்புவது என் பேச்சுத் திறமையில் இல்லை என்று தெரிந்தவன் சோர்ந்துபோகவும் மாட்டான். இந்தப் பக்கத்தின் பெரிய பலம் இது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

பலவீனம் மறுபாதியில் இருக்கிறது. சிலர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள் என்றால் மற்றவர்கள்? கால்வின் மழுப்பவில்லை. அவர்கள் கைவிடப்பட்டதும் தேவனுடைய தீர்மானம்தான் என்றார், அது நடுங்கவைக்கும் தீர்மானம் என்பதை ஒத்துக்கொள்கிறேன் என்றும் எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அதை எங்கள் தெருவில் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். கணவர் இறந்தபின் தனியாகப் பிள்ளைகளை ஆளாக்கி, வாசலுக்கு வருகிறவரைப் பசியோடு அனுப்பாத ஒருவரைப் பார்த்து, உங்களைத் தேவன் ஆதியிலேயே விட்டுவிட்டார் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்ல வாய் வராது என்பதாலேயே ஒரு போதனை பொய்யாகிவிடாது, சரி. ஆனால், "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்" தேவன் சித்தமுள்ளவர் என்று 1 தீமோத்தேயு 2:4 சொல்கிறதே. அங்கே 'எல்லா' என்பதற்கு எல்லா வகையான மனிதரும் என்று டார்ட் பக்கத்தார் தரும் விளக்கம் எனக்குப் போதவில்லை.

லூத்தரன் சபை இதில் ஒரு தனி வழி போனது. 1577இன் இணக்க உடன்படிக்கையில், மீட்புக்குத் தெரிந்துகொள்வது தேவன், அழிவுக்குக் காரணம் மனிதன், இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுவது என்று ஆராயாதே என்று நிறுத்திக்கொண்டார்கள். தர்க்கத்துக்கு இடிக்கும், பக்திக்கு இடிக்காது.

அர்மினியஸ், வெஸ்லி பக்கம்

யாக்கோபஸ் அர்மினியஸ் (1560–1609) ஜெனீவாவில் கால்வினின் வாரிசான பெசாவிடமே படித்தவர், லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1610இல், அவருடைய வழியில் நின்ற போதகர்கள் ஐந்து விஷயங்களை எழுதி ஒரு மனு கொடுத்தார்கள். டார்ட் சங்கம் கூடியதே அதற்குப் பதில் சொல்லத்தான். அவர்கள் சொன்னது இது: யார் விசுவாசிப்பார்கள் என்பதை முன்னறிந்து தேவன் தெரிந்துகொள்கிறார், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், கிருபை எல்லாரையும் முந்திவந்து எழுப்புகிறது, ஆனால் அதைத் தள்ளிவிட முடியும். "எத்தனைதரமோ உன் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று எருசலேமைப் பார்த்து இயேசு சொன்ன வசனம் இவர்களுக்கு உயிர்நாடி. தேவனுக்கு மனது இருந்தது, மனிதருக்கு இல்லை. இதைத் தடுக்க முடியாத கிருபையோடு சேர்த்துப் படிப்பது கஷ்டம்.

டார்டில் இவர்கள் தோற்றார்கள். போதகர்கள் பதவி இழந்தார்கள். இவர்களை ஆதரித்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னெவெல்ட்டின் தலை 1619 மே மாதம் வெட்டப்பட்டது. அதில் அரசியல் பகை பாதி என்றாலும், கிருபையைப் பற்றிய ஒரு விவாதம் அங்கே போய் முடிந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அவர் தோழர் விட்ஃபீல்டும் நடந்துகொண்ட விதம் வேறு. வெஸ்லி அர்மினியஸ் பக்கம், விட்ஃபீல்ட் கால்வின் பக்கம். 1739க்குப் பிறகு இதே கேள்வியில் அவர்கள் பிரிந்தார்கள், கடுமையாக எழுதிக்கொண்டார்கள். ஆனால் 1770இல் விட்ஃபீல்ட் இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

இந்தப் பக்கத்துக்கும் ஓட்டை உண்டு. எல்லாருக்கும் அதே கிருபை என்றால், நான் ஏற்றுக்கொண்டதற்கும் என் அண்ணன் ஏற்காததற்கும் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து என்றால் எனக்குப் பெருமை வந்துவிடுகிறது. பெருமைக்கு இடமே இல்லை என்பதுதானே சுவிசேஷம்? வெஸ்லி வழியினர் சொல்லும் பதில், கொடுத்ததை வாங்கிக்கொண்டவன் தன் கையை மெச்சிக்கொள்ள மாட்டான் என்பது. எனக்கு இது முக்கால்வாசி போதும்.

தேவகோட்டைப் பக்கம், கத்தோலிக்கர்

தேவகோட்டை, சருகணி வட்டாரத்துக் கத்தோலிக்க நண்பர்களிடம் இதைப் பேசினால் அவர்களுக்கு இது அவ்வளவு எரியும் கேள்வியாகத் தெரிவதில்லை. திரெந்து சங்கம் 1547இலேயே சொல்லிவிட்டது: ஆதாமின் பாவத்தால் மனிதச் சுதந்திரம் பலவீனமானது, ஆனால் அழிந்துபோகவில்லை. அருள் தூண்டும், மனிதன் சம்மதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் உள்ளே அவர்களும் மோதிக்கொண்டவர்கள்தான். ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு மோலினா 1588இல் ஒரு வழி சொன்னார். எந்தச் சூழ்நிலையில் வைத்தால் எந்த மனிதன் தன் சுதந்திரத்தில் என்ன செய்வான் என்பது கடவுளுக்கு முன்பே தெரியும், அதை அறிந்தே உலகை அமைக்கிறார் என்றார். இது கடவுளின் ஆளுகையைக் குறைக்கிறது என்று தொமினிக்கன் சபை எதிர்த்தது. ரோமில் 1598 முதல் 1607 வரை விசாரணை நடந்தது. திருத்தந்தை ஐந்தாம் பவுல் யாருக்கும் வெற்றி தராமல், ஒருவரையொருவர் கண்டிக்காதீர்கள் என்று அனுப்பிவைத்தார். டார்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது எவ்வளவோ மேல்.

மோலினாவின் சபையைச் சேர்ந்தவர்தான் எங்கள் பக்கத்து ஓரியூர் அருளானந்தர், புனித ஜான் டி பிரிட்டோ. மூன்று பக்கத்தையும் அவர் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற உத்தரவோடு சேதுபதி விடுவித்தார். போர்ச்சுகல் திரும்பியவரை மன்னர் அங்கேயே தங்கச் சொன்னார். தங்கவில்லை. 1690இல் திரும்பி வந்தார், 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. அந்த மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்று நம்பி, இன்றும் மக்கள் அதை முடிந்து எடுத்துப் போகிறார்கள். கால்வின் வழியினர், அவர் விரும்பியே வந்தார், அந்த விருப்பத்தைக் கொடுத்ததும் தேவன் என்பார்கள். வெஸ்லி வழியினர், லிஸ்பனிலேயே இருந்துவிட அவருக்கு முடிந்திருக்கும், அதனால்தான் அவர் வந்தது அன்பு என்பார்கள். மோலினா வழியினர், கூப்பிட்டால் வருவார் என்று தெரிந்தே தேவன் கூப்பிட்டார் என்பார்கள். மூன்றும் ஓரியூர் மண்ணில் நின்று சொல்லக்கூடியவைதான். மூன்றில் நடுவில் சொன்னதுதான் எனக்கு உண்மையாகப் படுகிறது. தங்கிவிட வாய்ப்பே இல்லாதவர் திரும்பி வந்தார் என்பதில் என்ன இருக்கிறது?

கிறிஸ்து யாருக்காக மரித்தார் என்ற கேள்வியில் எனக்குத் துணை வருவது திருக்கோஷ்டியூர். குருவிடம் பெற்ற மந்திரத்தை ராமானுஜர் கோயில் மேல் ஏறி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், அதனால் தனக்கு நரகமே வந்தாலும் சரி என்றார் என்பது அந்த ஊர் வரலாறு. எங்கள் நம்பிக்கை வேறு. ஆனால் அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சிலுவை சிலருக்கு மட்டும் என்று என்னால் படிக்க முடியவில்லை.

ஆக என் சாய்வு வெஸ்லி பக்கம். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் ஒன்றானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழியினரும் சேர்ந்தே வந்தார்கள். வெஸ்லியைக் கடுமையாக எதிர்த்த, கால்வின் வழிப் போதகர் டாப்லடி எழுதிய பாட்டையும் வெஸ்லியின் தம்பி சார்லஸ் எழுதிய பாட்டையும் ஒரே ஆராதனையில் பாடுகிறோம். அதனால் இந்தச் சாய்வுக்காக யாரும் என்னைச் சபையை விட்டு அனுப்பப்போவதில்லை.

ஆனால் டார்டின் ஐந்தாவது தலைப்பு மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. எங்கள் சித்தி ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது. காலையில் எழுந்ததும் முழங்கால் படியிட்டவர், இப்போது கர்த்தருடைய ஜெபத்தில் "பரமண்டலங்களில்" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார். இயேசு யார் என்று கேட்டால் சிரிக்கிறார். விசுவாசத்தை விட்டுவிட்டால் மீட்பை இழக்கலாம் என்று வெஸ்லி போதித்தார். மனம் மாறி விடுவதும் மறந்து விடுவதும் ஒன்றல்ல என்று அவர் வழியினர் உடனே சொல்வார்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கட்டிலருகே உட்காரும்போது, மனிதன் பிடித்திருப்பதைப் பற்றிய பேச்சு எதுவும் எனக்குத் தைரியம் தரவில்லை. நம் ஊர் வைணவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலையார் முதலாவதைச் சொல்வார்கள், தென்கலையார் இரண்டாவதை. சித்தியின் கைகளில் இப்போது பிடிப்பே இல்லை. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்ற யோவான் 10ஆம் அதிகார வசனத்தைத்தான் அவர் காதருகே வாசிக்கிறேன். கால்வின் வழியினர் பல தலைமுறையாகச் சொல்லிவந்ததும் அதுதான்.

ஆரம்பம் வெஸ்லியிடம், முடிவு கால்வினிடம் என்று பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளலாமா என்றால், எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1610 மனுவைக் கொடுத்தவர்களே முதல் நான்கு விஷயங்களில் உறுதியாகப் பேசிவிட்டு, உண்மையான விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற ஐந்தாவதில் மட்டும், வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்று எழுதி நிறுத்தினார்கள். நானும் இப்போதைக்கு அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.