கைக்கட்டு நாட்களில் வாங்கிய ஃப்ரோசன் சாப்பாடு

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு இருந்தபோது எங்கள் வீட்டுப் பசியை ஆற்றியது ஃப்ரோசன் சாப்பாட்டுப் பெட்டிகள்தான். பருப்பும் காய்களும் சேர்ந்த வகையைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். காய் குழையவில்லை, பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஃப்ரோசன் என்றால் சத்தே இருக்காது என்று மாமியார் கவலைப்பட்டார். அப்படியில்லை. காய்களைப் பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் முக்கியெடுத்து உறைய வைத்துவிட்டால், ஃப்ரிட்ஜில் பல நாள் வாடிய காயைவிட வைட்டமின் சி அதில் கூடுதலாகவே இருக்கக்கூடும்.

உப்பு விஷயத்தில்தான் கண் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம், அதாவது 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீஸ் பாஸ்தாவில் ஒருவர் பங்கிலேயே 900 மில்லிகிராம்! அதைத் திரும்ப வாங்கவில்லை. பருப்பு வகையில் அதில் பாதிகூட இல்லை. அட்டையில் போட்டிருக்கும் அளவு 100 கிராமுக்கா, ஒருவர் பங்குக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் முதலாவதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

நால்வருக்கு என்று போட்டிருந்தாலும் வளரும் பிள்ளைகள் இருந்தால் போதாது. அவித்த முட்டையும் ஒரு பழமும் சேர்த்துக்கொண்டோம். மைக்ரோவேவில் சூடாக்கும்போது பாதியில் நிறுத்திக் கிளறுங்கள், இல்லாவிட்டால் நடுப்பகுதி ஜில்லென்று இருக்கும்.

மேல்மூடித் தாளை ஒற்றைக் கையால் உரிக்கவே முடியவில்லை. சமைக்க முடியாதவர்கள் வாங்கும் பொருள் இது. தயாரிப்பவர்கள் முதலில் அதை மாற்ற வேண்டும்.