டி.சி. கேட்டால் டி.சி. வருகிறது

பஞ்சு முதல் பெட்டி வரை சப்ளை செயின் முழுவதையும் ஒரே திரையில் பார்க்கலாம் என்று சொல்லி விற்கிற ஒரு ஆப்பைப் பதினான்கு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் ஜெர்மன் பையர் கைகாட்டியது அது, அவருடைய ஆர்டரில்தான் எங்கள் லைன் ஓடுகிறது. திருப்பூரில் 90 மெஷின் உள்ள பனியன் கம்பெனி. ஆடிட் என்றால் ஃபைலோடு முன்னால் நிற்பவள் நான். சந்தா வருடத்துக்கு 84,000 ரூபாய். கைகாட்டியவர் அதில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்கானிக் துணிக்கு காட்ஸ் (GOTS, ஆர்கானிக் ஜவுளிக்கான உலகத் தரச் சான்று) முத்திரை வேண்டுமென்றால் ஜின்னிங், மில், நிட்டிங், சாயம், தையல் எல்லாமே சான்றிதழுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தரும் ஸ்கோப் சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். ஒரு தடவை நிட்டிங்காரருடையது முடிந்துபோனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு டன் துணியைச் சாதாரணத் துணி விலைக்குத் தள்ளினோம். இந்த ஆப் 45 நாள் முன்பே மஞ்சள் காட்டுகிறது. அந்த ஒரு வேலைக்கே பாதிச் சந்தா கொடுக்கலாம்.

எடைக் கணக்கும் பார்க்கிறது: எத்தனை கிலோ நூல் வந்தது, எத்தனை கிலோ துணியானது என்று. யோசனை நல்லதுதான். ஆனால் சாயத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சிவப்பு. ஃப்ளீஸ் துணிக்கு ரைசிங் போட்டால், அதாவது மெஷினில் சுரண்டிப் பூ எடுத்தால், பஞ்சு பஞ்சாகப் பறக்கும்; எங்களுக்கு 11 சதவீதம் போனது. உடனே விளக்கக் கடிதம் கேட்டார்கள். போட்ட நூலைவிடத் துணி கூடுதலாக வந்தால் சந்தேகப்படுங்கள், சரி. குறைந்ததற்கு நானே அழுதுகொண்டிருக்கிறேன், அதற்கும் கடிதமா?

சாயப்பட்டறைக்கான படிவம் இன்னும் வேடிக்கை. 'கழிவுநீர் எங்கே விடப்படுகிறது? ஆறு, கடல், சாக்கடை.' ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் மொத்தமாக மூடப்பட்டு, நொய்யலில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது என்ற கட்டாயத்தோடு திறந்த பட்டறைகள் இவை. தண்ணீரை ஆர்.ஓ.வில் சுத்தம் செய்து திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், மிஞ்சுவது உப்பு. எங்கள் டையிங் அண்ணன் போன் செய்தார்: "எங்கயுமே விடறதில்லீங்களே, எதைத் தொடட்டும்?" அதையே நான் ஆப்காரர்களிடம் கேட்டேன். இப்போதைக்கு 'சாக்கடை' போடச் சொன்னார்கள். போடவில்லை. படிவம் இன்னும் பாதியில் நிற்கிறது.

எனக்கு உண்மையில் பயம் தந்தது க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்கும், ஆப் பச்சை டிக் போட்டுவிடும். 2020இல் காட்ஸ் அமைப்பே வெளியே சொன்ன விஷயம் நம் ஊரில் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவில் 20,000 டன் பஞ்சு போலிச் சான்றிதழில் ஆர்கானிக் ஆகியிருந்தது. அதில் இருந்த க்யூஆர் கோடு, அரசு நிறுவனத்தின் தளத்தைப் போலவே செய்த போலித் தளத்துக்குப் போனது. இந்த ஆப் இருந்திருந்தால் அதற்கும் பச்சைதான். அதனால் நான் இன்றும் சான்றளித்த நிறுவனத்தின் தளத்துக்கு நானே போய் எண்ணை ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கிறேன். இந்த வேலையைத்தான் ஆப் செய்யும் என்று நினைத்துப் பணம் கட்டினோம்.

அப்புறம் சின்ன யூனிட்கள். காலர் பின்னிக் கொடுப்பவரிடம் இருப்பது நாலு மெஷின். அவரும் சம்சாரமும்தான் ஆட்கள். அவருக்கு ஒரு லாகின், கடவுச்சொல் மாற்றச் சொல்லி மாதம் ஒரு மெயில். அவர் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எனக்குத் தள்ளிவிடுவார், அவர் பெயரில் நான் ஏற்றுவேன், பிறகு என் பெயரில் நானே சரிபார்ப்பேன். டாஷ்போர்டில் 'சப்ளையர் உறுதி செய்தார்' என்று பச்சையாகத் தெரியும் பதினேழு பேரில் ஒன்பது பேர் நான்தான். ஜெர்மனியில் யாரோ அதைப் பார்த்து நிம்மதியாகக் காபி குடிப்பார்கள்.

தமிழ் வசதி உண்டு என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்டுதான். ஆனால் தமிழ் எழுத்தில், விற்ற சரக்குக்குத் தரும் சான்றிதழான ட்ரான்ஸாக்ஷன் சர்டிஃபிகேட்டும் (TC) 'டி.சி.', டெலிவரி சலானும் (DC) 'டி.சி.'. மில்லிடம் சான்றிதழ் கேட்டால் லாரியோடு வந்த சலான் ஏறியிருக்கும். "ஏனுங்க, டி.சி. அன்னைக்கே ஏத்திட்டனுங்களே" என்பார் மில் மேனேஜர், அவர் சொல்வதில் தப்பும் இல்லை. நாலு மாதம் மெயில் போட்டேன்.

ஐந்துக்கு இரண்டரை தரலாம்; அந்த மஞ்சள் விளக்குக்காக அரை சேர்த்து மூன்று. சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில் வாங்குவதாக இருந்தால் தேதி நினைவூட்ட ஒரு காலண்டர் போதும், மிச்சத்தை போனில் கேட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் அப்டேட் வந்தது. என் புகாரைக் கவனித்திருக்கிறார்கள். இப்போது ஒன்று 'டி.சி. 1', இன்னொன்று 'டி.சி. 2'.