பீன்ஸ் வாடல் நோய்: பெரிய மரபணு ஒன்றா, சின்ன மரபணுக்கள் பலவா?

பீன்ஸ் செடி பூக்கும் நேரத்தில் அடியிலைகள் மஞ்சளடித்துத் துவண்டால், தண்டைச் சீவிப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் சாய்வாக வெட்டுங்கள். தோலுக்கு உள்ளே நீர் ஏறும் குழாய்கள் செம்பழுப்பாக ஓடியிருந்தால் அது பியூசேரியம் வாடல். வேரின் மேற்பட்டை சிவந்து அழுகியிருந்தும் உள்ளே வெளுப்பாக இருந்தால் அது வேரழுகல். அதற்குக் காரணமான பூஞ்சை வேறு, அதற்கான எதிர்ப்பு பரம்பரையில் இறங்கும் விதமும் வேறு. தண்டின் அடி வீங்கிப் பிளந்து உள்ளே புழு இருந்தால் அது தண்டு ஈயின் வேலை. இந்த மூன்றையும் 'வாடியது' என்ற ஒரே கட்டத்தில் குறித்துவைத்துத் தேர்வு செய்தால், கடைசியில் கையில் நிற்பவை அந்த வருடம் அதிர்ஷ்டம் இருந்த செடிகள்தான்.

வாடலுக்குக் காரணமான பியூசேரியம் ஆக்சிஸ்போரத்தின் பேசியோலி வடிவம், கிளாமிடோஸ்போர் என்ற தடித்த சுவருள்ள உறக்க வித்துகளாக மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். பயிர் சுழற்சி அதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. குழாய்க்குள் புகுந்த பூஞ்சையை மருந்து ஊற்றி எடுப்பதும் நடக்காது. ஆகவே எல்லோரும் ரகத்திடம் வந்து நிற்கிறார்கள். ரகத்தை உருவாக்க இரண்டு பாதைகள் உண்டு. எதிர்ப்புள்ள ரகத்திலிருந்து (கொடை ரகம்) பெரிய மரபணு ஒன்றை எடுத்து, கலப்புச் செடியை நல்ல ரகத்தோடு (மூல ரகம்) மீண்டும் மீண்டும் கலந்து அதில் ஏற்றும் பின்கலப்பு ஒன்று. இரண்டு தாங்கும் பெற்றோரைக் கலந்து, பல வரிசைகளை, அதாவது தனித்தனிச் செடிகளின் சந்ததிகளை, தலைமுறை தலைமுறையாக முன்னேற்றி, சிறுசிறு எதிர்ப்புகளை ஒரே செடியில் திரட்டுவது மற்றொன்று.

எது சரி என்பதை ஓரளவுக்குச் செடியே முடிவு செய்துவிடுகிறது. ரிபெய்ரோவும் ஹேகடார்னும் 1979-இல் காட்டியபடி, பிரேசில் பூஞ்சை இனத்துக்கு எதிராக 'பிரெட்டோ உபராபிஞ்ஞா' ரகத்தில் இருப்பது ஃபாப்-1 என்ற ஒரே ஓங்கு மரபணு, அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தாலே முழுப் பலன் காட்டும் மரபணு. அமெரிக்க இனத்துக்கு எதிராக 'டெண்டரெட்' ரகத்தில் இருப்பது ஃபாப்-2. இதுவும் ஒன்றுதான், ஆனால் முழுமையாக ஓங்காது. பிறகு கொலராடோ இனத்தை வைத்துச் செய்த ஆய்வுகளில் கதை இரண்டாகப் பிரிந்தது. மெசோஅமெரிக்கா என்ற பீன்ஸ் வகையின் கலப்புகளில் எதிர்ப்பு ஒரே ஓங்கு மரபணுவாக இறங்கியது. பிண்ட்டோ பீன்ஸ் சேர்ந்த துராங்கோ வகைக் கலப்புகளில் பல மரபணுக்களாகப் பரவி வந்தது. நோயும் பூஞ்சை இனமும் ஒன்றே, பெற்றோர்தான் வேறு. கொடை ரகம் எந்த வகை என்று பார்க்காமல் பாதையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு வருடம் கழித்து இந்த இடத்துக்கே திரும்பி வருவார்கள்.

பின்கலப்பு எங்கே பொருந்தும்

மத்திய ஆப்பிரிக்கா இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ருவாண்டாவில் 'உமுபானோ' என்ற பெயரில் பரவிய ஜி 2333 கொடி பீன்ஸ் மெக்சிகோவிலிருந்து வந்தது. ஆந்த்ராக்னோஸ் நோய்க்கு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அடுக்கி வைத்திருக்கும் ரகம் அது. வாடலுக்கு மட்டும் நிற்கவில்லை. மற்ற எல்லாம் நன்றாக இருந்து ஒன்று மட்டும் குறையும் இப்படிப்பட்ட ரகத்தைக் கலைத்துப் போட்டு மறுபடி கட்டுவது வீண் வேலை. ஆர்.டபிள்யூ.ஆர். 950 என்ற புதர் ரகத்தில் எதிர்ப்பு ஒரே ஓங்கு மரபணுவாக இருந்தது. அதை எடுத்து ஏற்றுவதே வழி.

கணக்கு எளிது. ஒவ்வொரு பின்கலப்பிலும் பாதிச் செடிகள் மரபணுவைச் சுமக்கும். ஐந்து விதை போட்டால் ஒன்றாவது சுமக்கும் என்பதற்கு 97 சதவீத வாய்ப்பு, ஏழு போட்டால் 99. மூன்றாவது பின்கலப்பில் மூல ரகத்தின் மரபு சராசரியாக 93.75 சதவீதம் திரும்பிவிடும். அதன்பின் தற்கலப்பு, அதாவது செடியைத் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்க விடுவது. தாங்கும் செடிகளில் எவை தூயவை என்று தெரிய ஒவ்வொன்றின் சந்ததியிலும் குறைந்தது 11 நாற்று சோதிக்க வேண்டும். கலப்பு மரபுள்ள செடியின் 11 பிள்ளைகளும் தாங்கி நம்மை ஏமாற்றும் வாய்ப்பு 4 சதவீதம். 16 நாற்று போட்டால் அது ஒரு சதவீதமாக இறங்கும். கண்ணாடிக் கூடத்தில் வருடத்துக்கு மூன்று தலைமுறை எடுத்தால் முதல் கலப்பிலிருந்து தூய வரிசை வரை ஆறு தலைமுறை, இரண்டு வருடம்.

தாளில் இப்படி. கைவேலையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. பீன்ஸ் பூ மலர்வதற்குள்ளேயே தன் மகரந்தத்தை ஏற்றுவிடும். அதனால் மறுநாள் மலரப்போகும், நிறம் ஏறிய, பருத்த மொட்டைக் காலையில் எடுக்க வேண்டும். கொடி இதழைப் பிளந்து, சுருண்ட படகு இதழை மெல்ல அழுத்தினால் சூல்முடி வெளியே நீளும். தந்தைச் செடியில் அன்று மலர்ந்த பூவின் மகரந்தம் அப்பிய சூல்முடியைக் கிள்ளிவந்து, இரண்டு கொக்கிகளை மாட்டுவதுபோல் இதன்மேல் மாட்டிவிட்டால் போதும். மகரந்தத்தாள்களைப் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்கப் போனால் காயம் பட்டு மொட்டு உதிர்வதுதான் அதிகம். சரியான மொட்டாக இருந்தால் தற்கலப்பு விதை கொஞ்சம்தான் வரும். அதைக் கண்டுபிடிக்க, வெள்ளைப் பூ, பச்சைத் தண்டு உள்ளதைத் தாயாகவும், ஊதாப் பூ உள்ளதைத் தந்தையாகவும் வையுங்கள். நாற்றின் விதையிலைக்குக் கீழ்த்தண்டு ஊதாவாக இருந்தால் கலப்பு, பச்சை என்றால் பிடுங்கி எறியலாம்.

இரண்டாவது சிக்கல், சோதித்த செடியிலேயே கலக்க வேண்டும் என்பது. வேரை வெட்டி நோயில் முக்கிய செடி உயிர் பிழைத்தாலும் பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் தாமதமாகும். மூல ரகத்தை ஒரே நாளில் விதைத்தால் இது பூக்கும்போது அது காய்த்து முடித்திருக்கும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை விதைத்து வைப்பதே தீர்வு.

மூன்றாவதுதான் பலரும் மரபணுவையே தொலைக்கும் இடம். பின்கலப்புச் செடிகளில் எதிர்ப்பு எப்போதும் ஒற்றைப் படியாகத்தான் இருக்கும். ஃபாப்-2 போல முழுமையாக ஓங்காத மரபணு என்றால் அந்தச் செடிகள் 1 முதல் 9 வரையான நோய் அளவுகோலில் (எண் ஏற ஏற நோய் அதிகம்) 4, 5, 6 என்று நடுவில் நிற்கும். '3-க்கு மேல் எல்லாம் கழிவு' என்று பிடுங்கினால் நாம் தேடிய செடிகளையே பிடுங்கியதாகிவிடும். ஒவ்வொரு தட்டிலும் மூல ரகம், கொடை ரகம் இரண்டோடு அவற்றின் முதல் தலைமுறைக் கலப்பையும் பத்து நாற்றாவது வைத்து, அது எந்த எண்ணில் நிற்கிறதோ அங்கே கோடு போடுங்கள்.

சிறுவிதை மெசோஅமெரிக்கன் ரகத்தையும் பெருவிதை ஆண்டிய ரகத்தையும் கலக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒன்றில் டி.எல்.1, மற்றதில் டி.எல்.2 என்ற மரபணு இருந்தால் கலப்பு நாற்று குட்டையாகி, இலை சுருங்கி, வேர் வளராமல் மடியும். நோய் என்று தோன்றும், ஆனால் நோய் அல்ல. அந்த நேரத்தில் இரண்டோடும் ஒத்துப்போகும் மூன்றாவது ரகத்தை நடுவில் பாலமாக வைத்துக் கலக்க வேண்டும்.

பல மரபணுப் பாதை

இங்கே பின்கலப்பு உதவாது. எதிர்ப்பு ஐந்தாறு இடங்களில் சிதறியிருந்தால் ஒவ்வொரு பின்கலப்பும் அவற்றில் பாதியைக் கரைத்துவிடும். செய்ய வேண்டியது, முதல் கலப்பிலிருந்து 150 முதல் 200 செடிகளை, தலைமுறைக்குச் செடிக்கு ஒரு விதை என்ற கணக்கில் ஐந்தாம் தலைமுறை வரை ஓட்டுவது. செடிக்கு ஒரு காய் பறித்து, ஒரு விதையை விதைத்து, மீதியைப் பெயரெழுதிய உறையில் வைத்துக்கொண்டால் முளைக்காதவற்றுக்கு மாற்று கிடைக்கும். இந்தக் கட்டத்தில் நோய்ச் சோதனை வேண்டாம். தனிச் செடியின் நோய் மதிப்பெண் அந்தக் குழியின் ஈரத்தையும் வித்துப் பரவலையும்தான் பாதி சொல்லும். ஐந்தாம் தலைமுறையில் வரிசைகளாக்கி, மூன்று பிரதிகளில், முடிந்தால் இரண்டு இடங்களில், பூஞ்சை ஊறிய சோதனை நிலத்தில் (சிக் பிளாட்) விதையுங்கள். பத்து வரிசைக்கு ஒன்று நோய்க்கு விழும் ரகம் இருக்க வேண்டும். அது விழாத மூலையில் மற்றவை நிமிர்ந்து நிற்பதற்கு அர்த்தம் இல்லை.

இதற்கு மூன்றரை, நான்கு வருடம் ஆகும். இடம், ஆள், பணம் எல்லாம் கூடுதல். பதிலுக்குக் கிடைப்பது பூஞ்சையின் இன மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் எதிர்ப்பு. இந்தப் பூஞ்சையில் ஏழு இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன: தென் கரோலைனாவில் 1, பிரேசிலில் 2, கொலம்பியாவில் 3, கொலராடோவில் 4, கிரேக்கத்தில் 5, ஸ்பெயினில் 6, 7. ஒற்றை மரபணு எந்த இனத்தில் சோதிக்கப்பட்டதோ அதற்குத்தான் உத்தரவாதம்.

இரண்டு பாதைக்கும் நடுவே சுவர் இருப்பதாக நினைக்கவும் வேண்டாம். பெல்நெப்-ஆர்.ஆர்.-1, ஏ55 கலப்பில் உருவான வரிசைகளை வைத்து 2001-இல் வெளியான ஆய்வில், பத்தாம் இணைப்புத் தொகுதியில் (மரபணு வரைபடத்தில் ஒரு குரோமோசோமுக்கு ஈடான பகுதி) உள்ள ஒரே இடம் நோய் வேறுபாட்டில் 63.5 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தது. பல மரபணு என்று சொல்லப்படும் கலப்பிலும் இப்படி ஒரு பெரியண்ணன் இருக்கக்கூடும். இருந்தால் அதை மட்டும் மார்க்கர், அதாவது அதன் அருகிலுள்ள டி.என்.ஏ. அடையாளம், வைத்துத் துரத்தலாம்.

மார்க்கரில் ஒரு எச்சரிக்கை. மரபணுவிலிருந்து 5 சென்டிமார்கன் (தலைமுறைக்குச் சுமார் 5 சதவீதம் பிரிந்துபோகும் தூரம்) தள்ளியிருக்கும் மார்க்கரை மட்டும் நம்பி மூன்று பின்கலப்பு ஓட்டினால், தலைமுறைக்கு 5 சதவீதம் நழுவி, கடைசியில் மார்க்கர் இருந்தும் மரபணு இல்லாத செடி ஏழில் ஒன்று. இருபுறமும் மார்க்கர் வைத்தால் இந்தக் கசிவு அநேகமாக நின்றுவிடும். உங்கள் இரண்டு பெற்றோரிலும் மார்க்கர் வேறுபடுகிறதா என்று முதலில் ஓட்டிப் பாருங்கள். மெசோஅமெரிக்கன், ஆண்டிய என்ற மரபுத் தொகுதிகளில் ஒன்றில் வேலை செய்த மார்க்கர் மற்றதில் ஊமையாக இருப்பது சகஜம்.

வேர் முக்கலா, நோய் மண்ணா

கலப்பு முறையைப் பற்றி நீளமாக வாதிடுபவர்கள் சோதனை முறையில் அலட்சியமாக இருப்பதைப் பார்க்க முடிகிறது. உண்மையில் இங்கேதான் ரகம் தேர்வாகிறது. வேர் முக்கல் முறையில் 8 முதல் 10 நாள் நாற்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, கீழ் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மில்லிலிட்டருக்கு 10 லட்சம் வித்துகள் உள்ள கரைசலில் 5 நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய கலவையில் நட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் மதிப்பெண். 1 முதல் 3 தாங்கும், 4 முதல் 6 நடுத்தரம், 7 முதல் 9 விழும். ஒரே வரிசையில் சிலவற்றை வேர் வெட்டி வெறும் நீரில் முக்கி நட்டால், வெட்டுக்காயத்தால் வாடியது எது, பூஞ்சையால் வாடியது எது என்று பிரியும்.

இந்த முறை வேகமானது, சீரானது, பெரிய மரபணுவைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். ஆனால் வேரின் தோல் என்ற முதல் கதவை நாமே வெட்டித் திறந்துவிடுகிறோம். பூஞ்சை உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்தும் சிறு எதிர்ப்புகள் இதில் தெரியவே தெரியாது. பின்கலப்புக்கு முக்கல், பல மரபணுத் தேர்வுக்கு நோய் மண் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மண்ணுக்கு, இரவு முழுக்க ஊறவைத்து அரைவேக்காடாக்கிய சோளத்தை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலம்) இரண்டு நாள் அடுத்தடுத்துக் கிருமி நீக்கி, பூஞ்சையை ஏற்றி இரண்டு வாரம் வளர்த்து, நூறு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு கலக்கலாம். வயலில் என்றால், நோய்க்கு விழும் ரகத்தைத் தொடர்ந்து போட்டு, காய்ந்த செடியை அங்கேயே மடக்கி உழ வேண்டும்.

பூஞ்சையும் சோம்பேறியாகும். அகார் தட்டிலேயே மாற்றி மாற்றி வளர்த்தால் வீரியம் குறையும், எல்லா வரிசையும் 'தாங்கும்' என்று வரும். விழும் ரகம் 7-க்குக் கீழே மதிப்பெண் காட்டிய தட்டை மொத்தமாகத் தள்ளிவிட்டு, நோயுற்ற தண்டிலிருந்து பூஞ்சையை மறுபடி பிரித்து, ஒற்றை வித்திலிருந்து வளர்த்துத் தொடங்க வேண்டும்.

எதை எப்போது

சந்தையில் நிலைத்துவிட்ட ரகம் ஒன்று இருக்கிறது, வயலில் ஒரே இனம்தான் ஓடுகிறது, கொடை ரகத்தில் எதிர்ப்பு ஒரே மரபணு என்றால் பின்கலப்பு. பிஞ்சாகப் பறித்துக் காய்கறியாக விற்கும் பீன்ஸில் அநேகமாக எப்போதும் இதுவே. எதிர்ப்பு பெரும்பாலும் ராஜ்மா போல விதைக்காக வளர்க்கும் ரகங்களில்தான் கிடைக்கிறது. அவற்றின் காய் நாரும் தோலுமாக இருக்கும். நேர்க்கலப்பில் பிறந்த வரிசை வாடலைத் தாங்கினாலும் கடைக்காரர் ஒரு காயை ஒடித்துப் பார்த்து, நார் உரிந்தால் கூடையைத் தள்ளிவிடுவார். பின்கலப்பிலும் எதிர்ப்போடு சேர்த்துக் காயையும் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒடித்துப் பார்ப்பது அவசியம்.

விதைக்கான பீன்ஸ், பல மாவட்டங்களுக்குப் போகும் ரகம், இனம் எது என்றே தீர்மானமாகாத மண் என்றால் பல மரபணுப் பாதை. அவசரத்துக்குப் பின்கலப்பு வரிசையை முதலில் வெளியிட்டு, அதையே இரண்டாவது பாதையின் ஒரு பெற்றோராக வைப்பது எங்கள் பார்வையில் செலவுக்கு ஏற்ற வழி.

எந்தப் பாதையில் வந்த வரிசையானாலும் வெளியிடுவதற்கு முன் வேர்முடிச்சு நூற்புழு உள்ள மண்ணில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நூற்புழு துளைத்த வேரில் வாடல் கூடுகிறது. தட்டில் 2 வாங்கிய வரிசை அங்கே 6 வாங்கினால், குறை மரபணுவில் இல்லாமலும் இருக்கலாம். வேரைக் கழுவி முடிச்சு இருக்கிறதா என்று பார்த்த பிறகு தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.