கொக்கோ விதையிலிருந்து சாக்லேட் என்றார்கள், காம்பவுண்டை உருக்கி ஊற்ற வைத்தார்கள்

போன சனிக்கிழமை தோழிகள் ஐந்து பேர் ஒரு சாக்லேட் பயிற்சிப் பட்டறைக்குப் போனோம். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்க நாலு மாதம் ஆனது. அதனால்தான் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. "கொக்கோ விதையிலிருந்து சாக்லேட் வரை, முழு நாள், உங்கள் கையாலேயே" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

வறுத்த விதையைக் கல்லில் போட்டு அரைக்கவே ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பது தெரியும். முந்தின நாளே அரைத்து வைத்ததைத் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். அங்கே விதை என்று பார்த்தது ஒரே ஒரு கிண்ணம்தான். போட்டோ எடுக்கச் சுற்றி வந்தது, அப்புறம் அலமாரிக்குள் போய்விட்டது. ஆளுக்கொரு பாத்திரத்தில் ஏற்கெனவே உருக்கிய பழுப்புக் குழம்பை நீட்டி, அச்சில் ஊற்றச் சொன்னார்கள். கொக்கோ வாசனையே இல்லை, வெனிலா எசென்ஸ்தான் மூக்கில் ஏறியது.

மேசையில் தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. "டெம்பரிங் எப்போ சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன். "இதுக்கு அதெல்லாம் தேவையில்லை மேடம்" என்றார் பயிற்சி கொடுத்தவர். விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. கொக்கோ வெண்ணெய் (கொக்கோ விதையிலேயே இருக்கும் கொழுப்பு) உள்ள டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும், இதுதான் டெம்பரிங். அப்போதுதான் அந்த வெண்ணெய் சரியான படிகமாக உறைந்து, பளபளப்பும் உடைக்கும்போது 'டக்' என்ற சத்தமும் வரும். இது தேவைப்படாதது காம்பவுண்டுக்குத்தான், அதாவது கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட் மாதிரிக் கலவைக்கு. மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கொக்கோ பவுடர். கொக்கோ வெண்ணெய் என்ற பெயரே இல்லை. உடனே படம் எடுத்து வைத்துக்கொண்டேன். காம்பவுண்டில் செய்வது தப்பில்லை. அதை விதையிலிருந்து வந்த சாக்லேட் என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் மோசடி.

இதைவிட மோசமான ஒன்று நடந்தது. எங்களில் ஒருத்திக்கு வேர்க்கடலை அலர்ஜி. பதிவு செய்யும்போதே மெசேஜில் சொன்னோம், "தனிப் பாத்திரம், தனிக் கரண்டி தருகிறோம்" என்று பதிலும் வந்தது. அங்கே போனால் எல்லோருக்கும் ஒரே கரண்டி. அதன் விளிம்பில் கடலைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்ததை அவளே பார்த்துச் சொன்னாள். ஊழியர் ஏப்ரனில் ஒரு தடவை துடைத்துவிட்டு அதையே அவள் பாத்திரத்தில் விடப் போனார். அலர்ஜி கடுமையாக உள்ளவர்களுக்குத் துளித் தூளே போதும், மூச்சு அடைத்துவிடும். அவள் கையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள், கடைசிவரை எதையும் தொடவில்லை. அவளை வற்புறுத்திக் கூட்டிப் போனது நான்தான்.

பத்து மணிக்கு ஆரம்பித்த 'முழு நாள்' ஒன்றரைக்கு முடிந்தது. வீட்டில் வந்து ஒரு துண்டு வாயில் போட்டேன். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. இது மெழுகு மாதிரி அண்ணத்தில் அப்பிக்கொண்டது.

இப்படி எங்காவது போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் "கூவெர்ச்சரா (கொக்கோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லேட்), காம்பவுண்டா? டெம்பரிங் நாங்களே செய்வோமா?" என்று எழுத்தில் கேளுங்கள். மூலப்பொருள் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். அலர்ஜி உள்ளவர் கூட வந்தால், கடலையே நுழையாத வகுப்பா என்று கேளுங்கள். தனிக் கரண்டி தருகிறோம் என்ற வாக்கை நம்பாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கலந்துகொண்டுவிட்டீர்கள், தர முடியாது" என்றார்கள். அலர்ஜி பற்றிய அந்த மெசேஜையும் லேபிள் படத்தையும் அனுப்பிய பிறகு அவளுடைய பணம் மட்டும் வந்தது. மீதி நாலு பேரும் கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறோம்.