என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டர்: ஒன்பதாம் வகுப்பிலேயே திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் பிள்ளை ஹைஸ்கூல் டீமில் ஓடுகிறாள், காலேஜிலும் ஓட ஆசைப்படுகிறாள் என்றால், காலேஜ் விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல் இரண்டு பிரிவுகளான டிவிஷன் 1, 2 இரண்டுக்கும் கடைசியில் போய் நிற்க வேண்டிய இடம், பிள்ளைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் அதன் எலிஜிபிலிட்டி சென்டர் இணையதளம்தான். கடைசியில் போகாமல் முதலிலேயே போங்கள் என்று சொல்லத்தான் இந்த ரிவ்யூ.

நம்மவர்கள் பலருக்கு ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டாதான் மனதில் இருக்கிறது. சான்றிதழ்களை அடுக்கி வைத்தால் கவுன்சிலிங்கில் ஒரு சீட். இங்கே அப்படிப் பொதுக் கவுன்சிலிங் கிடையாது. உங்கள் பெண் வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் அந்தக் காலேஜின் கோச், அவரே சொன்னாலும் படிப்புக் கணக்கு இந்த சென்டரில் தேறினால்தான் ஆட்டம்.

அந்தக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்தம் 16 கோர் பாடங்கள், அதாவது என்சிஏஏ கணக்கில் எடுக்கும் முக்கியப் பாடங்கள். டிவிஷன் 1-க்கு ஆங்கிலம் 4 வருடம், கணக்கு 3 வருடம் (அல்ஜீப்ரா 1-க்குக் கீழே எதுவும் செல்லாது), அறிவியல் 2, சமூக அறிவியல் 2, மிச்சம் சில கூடுதல் பாடங்கள். இதில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிக்க வேண்டும், அதிலும் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும், அப்புறம் அந்த மார்க்கைத் திரும்பப் படித்து ஏற்ற முடியாது. ஜிம், இசை வகுப்பில் வாங்கிய ‘ஏ’ எல்லாம் இங்கே கணக்கிலேயே வராது. கோர் பாடங்களின் ஜிபிஏ (4-க்கு எத்தனை என்ற சராசரி) மட்டும் டிவிஷன் 1-க்கு 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்ஏடி, ஏசிடி என்ற காலேஜ் நுழைவுத் தேர்வுகளின் தேவையை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், அது ஒரு நிம்மதி.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பாடப் பட்டியல் தேடும் பக்கம். பள்ளியின் பெயரையும் ஊரையும் போட்டால் அந்தப் பள்ளியில் எந்தெந்த வகுப்பு செல்லும் என்று வரிசையாக வந்துவிடும், காசும் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை இதைத் தானாகத் தேடிப் பார்க்காது. இது பள்ளிக் கோச் செய்ய வேண்டிய வேலை. என் மகளின் டிராக் கோச் சீசன் தொடங்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் 16 கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, பட்டியலைப் பார்த்துப் பென்சிலால் நிரப்பி, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் காட்டிவிட்டு வரச் சொல்வார். காலேஜ் கோச்சுக்கு எழுதும் மெயிலையும் பிள்ளையேதான் எழுத வேண்டும்: 800 மீட்டர் நேரம், எந்த வருடம் பள்ளி முடிக்கிறாள், அடுத்து எந்த மீட்டில் ஓடுகிறாள், ஜிபிஏ. அவ்வளவுதான், நாலு வரி. அப்பா எழுதிய மெயில் வாசனையிலேயே தெரிந்துவிடும் என்று பெற்றோர் கூட்டத்தில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்! பல விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை காலேஜ் கோச் பதில் எழுதக்கூடாது என்பது விதி, அதனால் மெயிலுக்குப் பதில் வரவில்லையே என்று பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

இதற்கு நடுவில் ஒரு தனியார் ரெக்ரூட்டிங் நிறுவனத்திடமும் பேசிப் பார்த்தோம், பெயர் வேண்டாம். ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டார்கள். அதற்கு ஒரு வீடியோ, ஒரு புரொஃபைல், நூற்றுக்கணக்கான கோச்சுகளுக்கு ஒரே மாதிரி மெயில். கோர் பாடங்களைப் பற்றிக் கேட்டதற்கு ‘அதைப் பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள்’ என்றார்கள். சரி, வணக்கம் என்று வைத்துவிட்டோம்.

சென்டர் செய்யாததும் உண்டு. உங்களுக்குக் காலேஜ் தேடித் தராது. டிவிஷன் 3 காலேஜ்கள் தகுதியைத் தாங்களே முடிவு செய்கின்றன, அங்கே விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கும் ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் அங்கே டிவிஷன் 1 ஆட்டம் என்பதால் சென்டரின் தகுதிச் சான்று வேண்டும்.

முதலில் இலவச புரொஃபைல் கணக்கு மட்டும் தொடங்குங்கள், கோச் யாராவது உண்மையாகவே ஆர்வம் காட்டினால் பணம் கட்டும் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். பள்ளியில் இலவச மதிய உணவுக்குத் தகுதி இருந்தால் கவுன்சிலர் மூலம் அந்தக் கட்டணத்திலும் விலக்கு வாங்கலாம். டிரான்ஸ்கிரிப்ட்டை (பள்ளி தரும் மொத்த மார்க் பட்டியலை) நீங்கள் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், பள்ளிதான் நேரடியாக அனுப்ப வேண்டும். ஒன்பதாவதோ பத்தாவதோ இந்தியாவில் படித்துவிட்டு வந்த பிள்ளை என்றால் அந்த வருட மார்க்‌ஷீட்டும் கேட்பார்கள், அதை இப்போதே ஊரிலிருந்து வரவழைத்து வையுங்கள்.

ஐந்துக்கு நாலரை.