நனிசைவச் சாப்பாடு: காலி வீதிச் சைவக் கடையா, ஆசியக் கலவை உணவகமா?

என் தங்கச்சி நனிசைவம். மீன், இறைச்சி, முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடமாட்டாள். லீவில் கொழும்புக்கு வந்தவளோடு ஒரு மாதம் வெளியே சாப்பிட்டேன். மாறி மாறிப் போனது இரண்டு இடங்களுக்கு: வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு சைவக் கடை, அப்புறம் தாய், கொரிய, ஜப்பானியச் சமையலைக் கலந்து தரும் முழு நனிசைவ உணவகம்.

சைவக் கடையில் அவளுக்குக் கவலையே இருக்காது என்றுதான் நினைத்தேன். முதல் நாளே பிழைத்துவிட்டது. சாதாரணத் தோசை கேட்டோம். தட்டு வரும்போதே நெய் மணந்தது. சைவத்தில் நெய் உயர்ந்த பொருள், கேட்காமலே விடுவார்கள். அதற்குப் பிறகு "தம்பி, நெய் வேண்டாம், எண்ணெயில சுட்டுத் தாங்கோ" என்று முதலே சொல்லப் பழகினோம். பால் தேத்தண்ணிக்குப் பதில் வெறுந்தேத்தண்ணி. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் இட்லி, உழுந்து வடை, புட்டு, இடியப்பம், சம்பல், சொதி எல்லாம் அவளுக்கானவை. எங்கள் சொதிக்குப் பால் தருவது தேங்காய், மாடு இல்லை.

அந்த நனிசைவ உணவகத்தில் எதையுமே கேட்கத் தேவையில்லை. ஆசியச் சாப்பாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வேறு கடைகளில் அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். மரக்கறி ஃப்ரைட் ரைஸுக்குள்ளும் சிப்பி சோஸ் இருக்கலாம். தாய் கறியில் மீன் சோஸும் இறால் விழுதும், கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயில் பெரும்பாலும் உப்பிட்ட இறால். ஜப்பானிய சூப்புக்கு அடிப்படையான டாஷியை வழக்கமாக எடுப்பது காயவைத்த சூரை மீன் சீவலில். நம் ஊரில் சைவமல்லாத சாப்பாட்டுக் கடைகளில் சம்பலோடு இடிபடும் மாசியும் அதே சூரைதான். இந்த உணவகத்தில் இதையெல்லாம் விலக்கிவிட்டு, காய்ந்த காளான், கடற்பாசி, மிசோ என்ற புளித்த சோயா விழுது ஆகியவற்றிலிருந்து அந்த ஆழமான ருசியை எடுக்கிறார்கள். தங்கச்சி மெனுவை மேலிருந்து கீழே, யாரையும் கூப்பிட்டுக் கேட்காமல் வாசித்தாள். அந்த முகத்தைப் பார்க்கவே அங்கே திரும்பப் போகலாம்.

சாப்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது பிஞ்சுப் பலாக்காய். இனிப்பும் உறைப்புமான சோஸில் பிரட்டி, ஆவியில் அவித்த பன்னுக்குள் வைத்துத் தந்தார்கள். நார் நாராகப் பிரிந்தது. கோதுமைப் புரதத்தில் செய்த போலித் 'தாரா' இறைச்சி சரிவரவில்லை. இறைச்சி போலக் காட்ட மினக்கெட்டிருக்கிறார்கள், வாயில் ரப்பர் மாதிரி இழுத்தது. டோஃபு பரவாயில்லை.

விலையில் இரண்டும் கிட்டவும் வராது. அங்கே ஒருவருக்குப் போன காசில் வெள்ளவத்தையில் நாங்கள் நாலு பேர் வயிறாரச் சாப்பிட்டோம். 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும் விலைக்குள் அடங்குமா என்று இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அதனால் காலையும் மத்தியானமும் எனக்குச் சைவக் கடைதான். நாலு சிநேகிதரோடு இரவில் ஆறுதலாக இருந்து கதைக்க, நனிசைவக்காரர் ஒருவரும் கூட இருந்தால், கூடக் காசு கொடுத்தாலும் அந்த உணவகம். சைவக் கடைச் சோற்றோடு வரும் மோர்மிளகாயை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அது தயிரில் ஊறிக் காய்ந்தது, நனிசைவம் இல்லை.