மோல் பாடத்துக்கு ஒரு பாக்கெட் தராசு: பிசிஎஸ் பொத்தானுக்காகவே வாங்கலாம்

பதினோராம் வகுப்பு வேதியியலில் பலரும் முதலில் வழுக்குகிற இடம் மோல். ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையான 6.022 × 10²³ மனப்பாடம் ஆகிவிடும். அது எதற்கு என்பது மட்டும் பிடிபடாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உள்ளங்கை அளவு டிஜிட்டல் தராசு (200 கிராம் வரை, 0.01 கிராம் நுட்பம், இரண்டு ஏஏஏ பேட்டரி) இதற்கு உதவுமா? உதவும். ஆனால் அதில் உருப்படியான விஷயம், பெரும்பாலோர் தொடாமலே விடும் 'பிசிஎஸ்' (PCS, அதாவது pieces, எண்ணிக்கை காட்டுவது) பொத்தான்தான்.

தட்டு காலியாக இருக்கும்போது அதை அழுத்திப் பிடித்தால் 25 என்று மின்னும். மேலும் அழுத்தினால் 50, 75, 100. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். 25 பொருளைக் கையால் எண்ணி வைத்து மறுபடி அழுத்தினால், ஒன்றின் சராசரி எடையைத் தராசு நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு கைப்பிடி கொட்டினாலும் எத்தனை என்று சொல்லிவிடும். எண்ணுவதெல்லாம் இல்லை, மொத்த எடையை ஒன்றின் எடையால் வகுக்கிறது, அவ்வளவுதான். 18.02 கிராம் தண்ணீரை நிறுத்து எடுத்துவிட்டு 'ஒரு மோல், 6.022 × 10²³ மூலக்கூறுகள்' என்று சொல்வதும் இதே வேலைதான்.

எதை எண்ணிப் பார்ப்பது? பொன்னி அரிசி வேண்டாம். நூறு மணி சேர்ந்தாலும் ஒன்றரை கிராம் தேறாது. 25 மணிக்கு 0.01 கிராம் பிசகினாலே எண்ணிக்கை இரண்டு மூன்று சதவீதம் தள்ளிப்போகும். கறுப்புக் கொண்டைக்கடலை தேவலாம், ஆனால் பொடிசும் பெரிசும் கலந்திருந்தால் சராசரி ஆட்டம் காணும். சலித்து ஒரே அளவாக எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நாணயம் உத்தமம். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை ஒரு ரூபாய், சற்றுச் சிறியது, 3.09 கிராம். பழையதை மட்டும் 25 வைத்துப் பழக்கிவிட்டுப் புதியதில் 30 போட்டால் திரையில் 24 என்று வரும். 92.70-ஐ 3.79-ஆல் வகுத்தால் 24.46 அல்லவா. இப்போது பழையதில் மூன்றும் புதியதில் ஒன்றும் வையுங்கள்: 14.46 கிராம், சராசரி 3.615. அந்த எடையில் ஒரு நாணயம் எந்தச் சட்டைப்பையிலும் இருக்காது. குளோரினின் அணுநிறை 35.45 என்பதும் இப்படித்தான். நிறை 35, 37 என்ற இரண்டு ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாகக் கலந்திருக்கின்றன, 35.45 எடையுள்ள குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது.

வினையையும் இதில் சோதித்துவிடலாம். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் 8.40 கிராம் சமையல் சோடா, அதாவது 0.1 மோல். சிறு தீயில் கால் மணி நேரம் சூடாக்குங்கள். இரண்டு மோல் சோடா ஒரு மோல் சோடியம் கார்பனேட் ஆவதால், 5.30 கிராம் மிஞ்ச வேண்டும். போன 3.10 கிராமில் 2.20 கார்பன் டை ஆக்சைடு, 0.90 நீராவி. 5.6, 5.7 என்று நின்றால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்; ஐந்து நிமிடம் சுடவைத்து, ஆறவிட்டு, எடை மாறாமல் நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். 5.30-க்குக் கீழே போனால் தீ அதிகமாகித் தூள் தெறித்திருக்கும், அல்லது கிளறிய கரண்டியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். கரண்டியே வேண்டாம், இடுக்கியால் கிண்ணத்தைச் சாய்த்தால் போதும். சூடான கிண்ணத்தைத் தராசில் வைக்கவே கூடாது. மேலெழும் வெப்பக் காற்று எடையைக் குறைத்துக் காட்டும், உள்ளிருந்து எடையை உணரும் லோட் செல்லும் கெடும். பேக்கிங் பவுடரில் மாவும் அமிலமும் கலந்திருப்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் பல மாடல்கள் தானே அணைந்துவிடும், கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கியிருந்ததும் (டேர் செய்வது என்பார்கள்) போய்விடும். அதைவிட மோசம், பூஜ்யத்துக்கு அருகில் துளித்துளியாகச் சேர்ப்பதைத் தராசு அசைவு என்று நினைத்து விழுங்கிவிடுவது. கிண்ணத்தை டேர் செய்யாமல் அதன் எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு கழித்துக்கொள்வதே வழி. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அலகு பொத்தானில் கை பட்டுக் காரட், அவுன்ஸ் என்று மாறியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. அளவுதிருத்தும் எடைக்கல் பெட்டியில் பெரும்பாலும் வராது. தேயாத 2011 வரிசை ஒரு ரூபாய் பத்து வைத்து 37.90 வருகிறதா என்று பாருங்கள்.

தரம்பார்த்தலுக்கு (டைட்ரேஷன், செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவைக் காண்பது) இதை நம்பாதீர்கள். 250 மி.லி. 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலத்துக்கு வேண்டியது 1.575 கிராம். மூன்றாம் தசம இடத்தை இது காட்டாது, 0.01 பிசகினாலே 0.6 சதவீதப் பிழை. அதற்கு ஆய்வகத் தராசுதான்.

புதிதாக வாங்குபவர்கள், 0.01 கிராம் நுட்பத்திலேயே 500 கிராம் வரை தாங்கும் மாடலைப் பாருங்கள். உப்பு ஒரு மோல் 58.44 கிராம், 200-இல் அடங்கிவிடும். சர்க்கரை ஒரு மோல் 342.30 கிராம், சின்னதில் அதை இரண்டு தடவையாகத்தான் நிறுக்க முடியும்.